நீதிபதியும் சாட்சியும்: வாழ்க்கை நாவலான வரலாறு

"என் வாழ்க்கையை எழுதினால் அதுவே ஒரு பெரிய நாவல் ஆகும்" என்று ஒரு முறையேனும் சொல்லாத மனிதர் அரியர். பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, மொழி அறியாத நகரில் வேரூன்றிய நம் போன்றோர் இதனைச் சற்று அழுத்தியே சொல்லுவோம். அதில் பொய்யும் இல்லை. தகரப் பெட்டி ஒன்றோடும் உறவினர் ஒருவரின் முகவரிச் சீட்டோடும் இரயிலிலிருந்து இறங்கிய நாள், வாடகைக்கு வீடு கேட்டுத் தெருத்தெருவாய் அலைந்த நாள், தாய் இறந்த செய்தி தந்தியில் வந்து சேரும்போது ஊரில் சிதையும் ஆறிவிட்டிருந்த நாள் ஆகிய யாவும் கதைப்பொருளே. ஆயினும் நூறு பேர் இவ்வாறு சொல்ல, நாவல் எழுதுவோர் அவருள் ஒருவர் இருவராகவே உள்ளனர். அனுபவம் எல்லார்க்கும் வாய்க்க, நாவல் மட்டும் சிலர்க்கே வாய்ப்பது ஏன்?

இவ்வினாவுக்கு விடையை வரலாற்றில் தேடுவது நலம். நம் நாட்டில் நாவல் என்னும் இலக்கிய வகை தோன்றி ஒன்றரை நூற்றாண்டு சற்றே கடந்துள்ளது. அக்கால எல்லைக்குள் நாவலாசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள், தம் வாழ்வில் கண்டவற்றை எவ்வாறு கதையாக்கினார்கள் என்று நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. முதலில் எழுதியவர்களுள் பலர் நீதி வழங்கும் ஆசனத்தில் அமர்ந்தவர்கள். அவர்க்குப் பின் வந்தவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றவர்கள். இன்னும் பின் வந்த சிலரோ, தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டவர்கள். இந்திய நாவல் வளர்ந்த வரலாற்றை இங்ஙனம் ஆசனத்திலிருந்து கூண்டுக்கு இறங்கி வந்த வரலாறு என்றே கூறலாம்.

ஆசனத்தில் அமர்ந்தவர்கள்

இதனை வெறும் உவமையாக நான் கூறவில்லை. 1858இல் வங்காளத்தில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பதவி ஏற்ற பங்கிம் சந்திர சட்டர்ஜி, 1865இல் "துர்கேசநந்தினி"யை வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய "பிரதாப முதலியார் சரித்திர"த்தை 1879இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை, தரங்கம்பாடியிலும் சீகாழியிலும் மாயூரத்திலும் முன்சீபாக இருந்தவர். மலையாளத்தில் 1889இல் "இந்துலேகா" எழுதிய சந்து மேனனும் முன்சீபே. குஜராத்தியில் "சரஸ்வதிசந்திர" என்னும் நான்கு பாக நாவலை 1887 முதல் 1901 வரை வெளியிட்ட கோவர்தன்ராம் திரிபாதி பம்பாயில் வழக்கறிஞர்.

ஆங்கிலம் கற்றவர்க்கே அரசாங்கப் பதவி கிடைத்தது. ஆங்கில நாவல்களைப் படித்தவர்களும் அவர்களே. ஆகவே நாவல் எழுதினர் என்று காரணம் கூறுவர். அது உண்மையே; ஆயினும் முழு உண்மை அன்று. ஆங்கிலம் கற்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. நீதிமன்றத்திற்கு மட்டும் உரிய ஒரு பயிற்சி இருந்தது.

ஒரு முன்சீப் கோர்ட்டில் நாள் முழுதும் நடப்பது யாது? பாகப் பிரிவினை, கடன் பத்திரம், வரப்புத் தகராறு, கைம்பெண்ணின் சீவனாம்சம், தத்து செல்லுமா செல்லாதா என்னும் வாதம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. குடும்பங்கள் அயலார் அறியாதபடி மூடி வைத்தவையெல்லாம் அங்கே திறக்கப்படுகின்றன. ஒரே நிகழ்ச்சியை வாதி ஒரு கதையாகவும் பிரதிவாதி மற்றொரு கதையாகவும் சொல்லுகின்றனர். சாட்சிகள் சொல்லும் சொல்லில் பாதியும், சொல்லாமல் விழுங்கும் மௌனத்தில் பாதியுமாக உண்மை கிடக்கின்றது. இவற்றைக் கேட்டுக் கேட்டு, மனிதர் எதற்காகப் பொய் சொல்லுகின்றனர் என்று ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர் முன்சீப். பிறர் வாழ்க்கையைக் கேட்பதற்காகச் சம்பளம் பெற்றவர் அவர்! நாவலாசிரியர்க்கு இதனினும் சிறந்த கல்லூரி வேறு யாது?

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள குளத்தூரில் பிறந்தவர். நீதிமன்றத்தில் பத்திரக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர் முன்சீபானவர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டவர். வழக்காட வரும் குடிமகனுக்கு விளங்காத மொழியில் வழக்கு நடக்கும் அநீதியை ஆசனத்திலிருந்தே கண்டவர். அவர் நாவலின் தலைவி ஞானாம்பாள், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் வழங்க வேண்டும் என்று பேசும்போது, அது கதாபாத்திரத்தின் குரலா முன்சீபின் குரலா என்று ஐயுற வேண்டுவதில்லை. தமிழில் உரைநடைக் கதை நூல்கள் இல்லாத குறையைப் போக்கவே இதனை எழுதியதாக முன்னுரையிலும் அவர் கூறியுள்ளார்.

எனினும் அந்நாவலைப் படிக்குங்கால் ஒன்று தெளிவாகும். அங்கே ஆசிரியர் இறுதிவரை ஆசனத்தை விட்டு இறங்கவில்லை. ஒவ்வொரு கிளைக்கதையின் முடிவிலும் ஒரு தீர்ப்பு உண்டு. நல்லோர் வாழ்வர், தீயோர் திருந்துவர் அல்லது கெடுவர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தைப் பிள்ளையவர்கள் நேரிற் கண்டவர். தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தவர். அதற்காகக் கோபாலகிருஷ்ண பாரதியாரால் பாடப்பெற்றவர். ஆயினும் அப்பஞ்சத்தை மையமாக வைத்து ஒரு நாவல் அவர் எழுதினார் இல்லை. அடுத்த ஆண்டே வெளிவந்த நாவல், சத்தியபுரியில் செல்வக் குடும்பத்துப் பிள்ளையின் வேடிக்கைகளோடுதான் தொடங்குகின்றது. இதனைக் குறையாகச் சொல்ல நாம் யார்? தமிழுக்குப் பாதை வெட்டியவர் அவர். பெரிய துன்பம் கண்முன் நிகழ்ந்தாலும் அது கதைக்குள் நுழையக் காலம் தாழ்க்கும் என்பதற்கே இதனை இங்குக் குறித்தேன்.

எண்ணெய் வண்ணப் படம்

சந்து மேனனின் அனுபவம் சுவையானது. அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், பரப்பனங்காடியில் முன்சீபாக இருந்தபோது அவர்க்கு ஆங்கில நாவல்களின்மீது மோகம் பிறந்தது. ஓய்வு நேரமெல்லாம் நாவலிலேயே கழிந்தமையால் வீட்டாரும் நண்பரும் குறைப்பட்டனர். அவர்களைச் சமாதானம் செய்யத் தாம் படித்த கதைகளை வாய்மொழியாக மலையாளத்தில் சொல்லலானார். பின்னர் டிஸ்ரேலியின் "ஹென்றியெட்டா டெம்பிள்" என்னும் நாவலை மொழிபெயர்க்க முனைந்து, சில பகுதிகளுக்குப் பிறகு கைவிட்டார். அயல்நாட்டு வாழ்க்கையைத் தம் மொழியில் பெயர்ப்பதினும், தம் வீட்டு வாழ்க்கையைத் தம் வீட்டு மொழியில் எழுதுவதே முறை என்று துணிந்தார். 1889ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிய "இந்துலேகா", ஆகஸ்டு மாதத்தில் முடிந்தது. முதற்பதிப்பு சில மாதங்களிலேயே விற்றுப்போயிற்று.

எழுதும்போது அவர் நண்பர்களுள் சிலர் ஓர் ஐயத்தை எழுப்பினர். தேவர்களும் அரசர்களும் இல்லாமல், நம் வீடுகளில் நாள்தோறும் நடப்பதையே எழுதினால் அதில் என்ன சுவை இருக்கும் என்பதே அவ்வையம். அதற்கு மேனன் ஓவியத்தைக் காட்டி விடை பகர்ந்தார். பல கைகளும் பெரிய கண்களும் கொண்ட தெய்வ உருவங்களையே முன்பு மக்கள் விரும்பிப் பார்த்தனர். ஐரோப்பிய எண்ணெய் வண்ண ஓவியம் வந்தபின், மனிதரையும் விலங்குகளையும் உள்ளவாறே தீட்டிய படங்களில் அவர்கள் உள்ளம் பற்றியது. கதையிலும் அவ்வாறே ஆகும் என்றார். கூறியபடியே ஆயிற்று. பெண் கேட்டு வந்து இந்துலேகாவிடம் அவமானப்பட்டுத் திரும்பும் சூரி நம்பூதிரிப்பாடு, கேரளத்தில் இன்றும் நினைவில் நிற்கும் பாத்திரம்.

1891இல் அமைந்த மலபார் திருமண ஆணைக்குழுவில் சந்து மேனன் உறுப்பினராக இருந்து, தம் மாறுபட்ட கருத்தைத் தனியே எழுதி வைத்தார். சட்டத்தால் தீராத சிக்கலை நாவலிலும், நாவலில் கண்ட சிக்கலைச் சட்டத்திலும் ஆராய்ந்த மனம் அது. அவர்தம் இரண்டாம் நாவலாகிய "சாரதா"வில் வழக்குகளும் வக்கீல்களும் நிறைந்துள்ளனர். முதற்பாகம் 1892இல் வந்தது. மற்றப் பாகங்களை எழுதி முடிக்காமலே 1899இல் அவர் காலமானார்.

சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள்

ஆசனத்தில் இருப்பவர் வழக்கைக் கேட்கலாம். வழக்கில் அவர்க்குப் பங்கில்லை. சாட்சிக்கோ பங்குண்டு. "நான் அங்கே இருந்தேன்; என் கண்ணால் கண்டேன்" என்பவன் சாட்சி. தமிழில் இவ்வாறு சொன்ன முதல்வர்களுள் ஒருவர் ராஜமையர்.

மதுரையை அடுத்த வத்தலக்குண்டில் 1872இல் பிறந்து, படிப்புக்காகச் சென்னை சென்ற அவ்விளைஞர், தம் 21ஆம் வயதில், 1893இல், "விவேக சிந்தாமணி" என்னும் மாத இதழில் "கமலாம்பாள் சரித்திர"த்தைத் தொடங்கினார். தாம் விட்டு வந்த ஊரின் அக்கிரகாரமே அவர் கண்முன் நின்றது. ஆற்றங்கரையில் கூடிப் பிறர் குடும்பங்களை அலசும் பெண்டிரின் "வம்பர் மகாசபை", ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ் வாத்தியார் ஆகியவை ஊரில் வாழ்ந்தவனுக்கன்றி வாயா. அதே நேரத்தில், ஊரிலேயே இருந்திருந்தால் அவற்றின் நகைச்சுவையும் சோகமும் அவ்வளவு துலக்கமாக அவர்க்குத் தெரிந்திருக்குமா என்பதும் எண்ணத்தக்கது. விட்டுப் பிரிந்த இடமே கண்ணுக்கு நன்கு தெரிகின்றது. 1898இல் தம் 26ஆம் வயதில் அவர் மறைந்தார்; அந்த ஒரு நாவலே தமிழில் அவர் புகழுக்குப் போதுமானதாயிற்று.

ராஜமையர் பிறந்த அதே 1872இல் திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்தவர் மாதவையா. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, உப்பு இலாகாவில் உத்தியோகம் ஏற்றவர். 1898இல் வெளிவந்த "பத்மாவதி சரித்திர"த்தில் நாராயணன், கோபாலன் என்னும் மாணவர்கள் படும் பாடு, அவரும் அவரைப் போன்ற கிராமத்துப் பிள்ளைகளும் படிப்புக்காகப் பட்ட பாடே. இளம் விதவையின் வாழ்வை அவளே சொல்வதாக அவர் எழுதத் தொடங்கிய கதை இதழில் இடையிலேயே நின்றது. பின்னர் 1903இல் "முத்துமீனாட்சி" என்னும் நூலாக வெளிவந்தது. தம் குலத்தின் வழக்கத்தைத் தம் குலத்தாரின் முன்பே சாட்சி சொல்லி எதிர்த்தவர் அவர். அதற்கு உரிய விலையையும் கொடுத்தார். 1925ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சென்னைப் பல்கலைக்கழகச் செனட்டுக் கூட்டத்தில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டும் என்று பேசிய அன்றே, அம்மண்டபத்திலேயே அவர் உயிர் நீத்தார்.

ஒரியாவின் பக்கீர் மோகன் சேனாபதியும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். 1843இல் பாலசோரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, பாட்டியால் வளர்க்கப்பட்டு, துறைமுகத்தில் கப்பற்பாய் தைக்கும் இடத்தில் வேலை பார்த்த சிறுவன், பிற்காலத்தில் சமஸ்தானங்களில் திவான் ஆனார். நில வரி, குத்தகை, அடமானம், பத்திரம் ஆகியவற்றின் சூட்சுமமெல்லாம் அவர்க்கு மேலிருந்தும் தெரியும், கீழிருந்தும் தெரியும். 1897 முதல் 1899 வரை "உத்கல சாகித்திய" இதழில் வந்த அவர் நாவலின் பெயரே ஒரு நில அளவுதான். "ஆறு மாணம் எட்டுக் குண்டம்" என்பது அதன் பொருள். பகியா, சாரியா என்னும் நெசவுத் தம்பதியரின் அச்சிறு நிலம், ஜமீன்தார் மங்கராஜின் கைக்குப் போகும் கதை அது. கதை சொல்பவரோ நீதி உரைக்கும் பெரியவராக வரவில்லை; ஜமீன்தாரைப் புகழ்வது போலவே பேசி, புகழ்ச்சிக்குள் அவர் செய்த கொடுமையை வெளிப்படுத்தும் ஊர்வாயாக வருகின்றார். 54 வயது வரை பத்திரங்களையும் சாட்சியங்களையும் பார்த்த கண்ணுக்கே அத்தகைய நையாண்டி கைவரும்.

தன்னையே நிறுத்தியவர்

இனி நாம் காண்பது மிகக் கடினமான படி. பிறர் குற்றத்திற்குச் சாட்சி சொல்வது துணிவு. தன் குற்றத்திற்குத் தானே சாட்சியாவது அதனினும் பெருந்துணிவு.

வங்கத்தின் விபூதிபூஷண் பந்தோபாத்தியாய 1894இல் பிறந்தவர். ஏழைப் புரோகிதரின் மகன். பீகாரின் பாகல்பூர்ப் பகுதியில் ஒரு பெருஞ்செல்வரின் நிலப்பண்ணைக்கு உதவி மேலாளராகச் சென்றார். காட்டின் நடுவே கச்சேரி வீடு, குதிரைச் சவாரி, தனிமை. அங்கிருந்தபோதே தம் வங்கக் கிராமத்தின் இளமை நினைவுகளை "பதேர் பாஞ்சாலி"யாக எழுதினார். அது 1929இல் நூலாயிற்று. அதன் முதற்படியில் துர்க்கா என்னும் சிறுமி இல்லை என்றும், பாகல்பூரில் ஒரு நாள் தலைமயிர் காற்றில் அலைய நின்ற ஒரு பெண்ணைக் கண்டபின், எழுதியதை ஒதுக்கிவிட்டு அவளை உள்ளே கொணர்ந்து மீண்டும் எழுதினார் என்றும் கூறுவர். துர்க்கா இல்லாத "பதேர் பாஞ்சாலி"யை இன்று நாம் எண்ணிப் பார்க்கவும் இயலுமோ?

காட்டில் இருந்தபோது கிராமத்தை எழுதியவர், காட்டை விட்டு நீங்கிய பின்னரே காட்டை எழுதினார். 1939இல் நூலான "ஆரண்யக்" அது. "வனவாசி" என்னும் பெயரில் தமிழிலும் வந்துள்ளது. கதை சொல்லும் சத்தியசரண் வேலையற்ற பட்டதாரி. பண்ணை மேலாளராகக் காட்டுக்கு வருகின்றான். முதலில் தனிமையால் துன்புற்றவன், மெல்ல மெல்லக் காட்டின் அழகில் தன்னை மறக்கின்றான். மக்காச்சோளமும் கிட்டாத ஏழைகள், நாட்டியமாடிப் பிழைக்கும் சிறுவன், அரசு இழந்த சந்தால் மன்னன் தோப்ரு பன்னா, எங்கெங்கிருந்தோ பூஞ்செடிகளைக் கொணர்ந்து காட்டில் நட்டு மகிழும் யுகல்பிரசாத் என்று எத்தனையோ மனிதரை அங்கே காண்கின்றான். ஆனால் அவன் அங்கு வந்த வேலை யாது? காட்டைக் குத்தகைக்கு விட்டுக் குடிகளை ஏற்றுவது. அவன் கையெழுத்திட்ட ஒவ்வொரு சீட்டுக்கும் மரங்கள் விழுகின்றன. தான் நேசித்ததைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, வனதேவதைகளிடம் மன்னிப்பு வேண்டி அவன் விடைபெறுகின்றான்.

விபூதிபூஷண் விரும்பியிருந்தால் காட்டின் அழகை மட்டும் பாடியிருக்கலாம். அழித்தவர் வேறு யாரோ என்று எழுதியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், மேலாளர் நாற்காலியில் அமர்ந்தவனையே கதை சொல்ல வைத்தார். அதனாலன்றோ அந்நூல் இயற்கை வருணனையாக நின்றுவிடாமல் நாவலாயிற்று?

கடலுக்கு அப்பாலும் அட்சக்கோட்டிலும்

புலம்பெயர்ந்த தமிழர்க்கு மிக நெருங்கியவர்கள் இருவர்.

ப. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தார். 1938இல், 18 வயதில், சுமத்திராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்காகக் கப்பலேறினார். அங்கேயே மணம் புரிந்து, மனைவியையும் குழந்தையையும் இழந்தார். இரண்டாம் உலகப் போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் கண்டார். 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் நாளிதழ் ஒன்றில் பணியாற்றி, தனியே வாழ்ந்து, 1997இல் மறைந்தார். எழுதியவை இரண்டே நாவல்கள். "கடலுக்கு அப்பால்" கலைமகள் பரிசு பெற்று 1959இல் வந்தது. "புயலிலே ஒரு தோணி"க்கோ பதிப்பாளர் எளிதிற் கிட்டவில்லை. பல ஆண்டு காத்திருந்து 1972இல்தான் அது அச்சேறியது.

இரண்டாவது நாவலின் தலைவன் பாண்டியன், மெடான் தெருக்களில் நின்றுகொண்டு சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைக்கின்றான். வட்டிக்கடைப் பெட்டியடியின் பேச்சு, பினாங்குத் தெருக்களின் இரைச்சல், போர்க்காலத்துக் கொடுமைகள் ஆகிய யாவும் நேரிற் கண்டவன் எழுதியவை. ஆசிரியர் ஊர் திரும்பினார். பாண்டியனோ ஊர் திரும்பும் ஆசை நிறைவேறாமல் அயல்மண்ணிலேயே வீழ்கின்றான். தமக்கு நேர்ந்ததை அப்படியே எழுதுவது நாவலாசிரியன் வேலை அன்று. தமக்கு நேர்ந்திருக்கக்கூடியதை, தம்மோடு கப்பலேறித் திரும்பாமற் போனவர்க்கு நேர்ந்ததை எழுதுவதே அவன் வேலை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை நிஜாம் ஆட்சிப் பகுதியில் இரயில்வே ஊழியர். நம் பிள்ளைகள் பலரையும் போலத் தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து, வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழிகளுமாக வளர்ந்தவர். தந்தை மறைந்தபின் 1952இல் சென்னைக்கு வந்தார். திரைப்படக் கம்பெனியில் பல ஆண்டு வேலை பார்த்து, அவ்வனுபவத்தை "கரைந்த நிழல்கள்" என 1969இல் எழுதினார். செகந்திராபாத்தின் நினைவோ இன்னும் காத்திருந்தது. 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 13 முதல் 17 வரை நடந்த இராணுவ நடவடிக்கையால் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அவ்வாண்டின் கொந்தளிப்பைப் பொருளாகக் கொண்ட "18வது அட்சக்கோடு" 1977இல் வெளிவந்தது. இடையே கழிந்தவை 29 ஆண்டுகள்!

அந்நாவலில் கிரிக்கெட் ஆடும் கல்லூரி மாணவன் சந்திரசேகரன், ஓர் அத்தியாயத்தில் "நான்" என்று பேசுகின்றான்; மற்றோர் அத்தியாயத்தில் ஆசிரியரே "அவன்" என்று அவனைப் பற்றிக் கூறுகின்றார். உள்ளிருந்து ஒரு பார்வை. வெளியிலிருந்து ஒரு பார்வை. முதலில் அஞ்சியவர்கள் ரஜாக்கர்களுக்கு அஞ்சிய இந்துக்கள். செப்டம்பருக்குப் பின் அச்சம் இடம் மாறுகின்றது. கலவர வேளையில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தின் வீட்டுக்குள் சந்திரசேகரன் புக நேர்கின்றது. அவன் யார்க்கும் தீங்கு நினைத்தவன் அல்லன். ஆயினும் அவனைக் கண்ட அளவில், வீட்டாரைக் காக்கத் தன் மானத்தையே விலையாகக் கொடுக்க முன்வருகின்றாள் ஓர் இளம்பெண். அவன் அருவருப்பும் நாணமும் மேலிட ஓடுகின்றான். தான் ஒன்றும் செய்யாதபோதும், செய்யக்கூடியவனாகப் பிறர் கண்ணில் நிற்பதே குற்றவாளிக் கூண்டு. அங்கே தன் கதைத்தலைவனை நிறுத்த அந்த ஆசிரியர்க்கு 29 ஆண்டுகள் வேண்டியிருந்தன என்றால் வியப்பில்லை.

அனுபவம் தேடிச் சென்றவர்

"எங்கள் வாழ்வில் போரும் இல்லை, கலவரமும் இல்லை, அலுவலகமும் வீடுமே எங்கள் உலகம்" என்று சிலர் கூறலாம். அவர்க்கு ராஜம் கிருஷ்ணனின் வாழ்க்கை விடை தரும். 1925இல் முசிறியில் பிறந்து, இளமையிலேயே மணமாகி, கல்லூரி வாசலையே மிதியாதவர் அவர். கணவர் மின்துறைப் பொறியாளர். மாற்றலாகும் இடமெல்லாம் உடன் சென்றார். நீலகிரியில் வாழ்ந்தபோது படுகர் மக்களோடு பழகியதன் விளைவே 1963இல் வெளிவந்த "குறிஞ்சித் தேன்". வீட்டு வாயிலுக்கு வந்த அனுபவத்தோடு அவர் நிற்கவில்லை. கோவாவுக்கும் சம்பல் பள்ளத்தாக்கிற்கும் தேடிச் சென்றார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே சென்று கேட்டறிந்து, 1979இல் "கரிப்பு மணிகள்" எழுதினார். உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்த மாதவையா எழுதாத உப்பளத்தை, எண்பது ஆண்டுக்குப் பின் ஓர் இல்லத்தரசி சென்று எழுதினார் என்பது நினைக்கத்தக்கது.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன யாவை?

ஒன்று, நாவலாசிரியர்க்கு முதல் தகுதி பேச்சன்று; கேள்வி. முன்சீபுகள் கேட்டார்கள், ராஜம் கிருஷ்ணன் சென்று கேட்டார். இரண்டு, தொலைவு. ராஜமையர் ஊரைச் சென்னையிலிருந்தும், விபூதிபூஷண் காட்டைக் காட்டுக்கு வெளியிலிருந்தும், சிங்காரம் மெடானை மதுரையிலிருந்தும் எழுதினர். தொலைவும் காலமும் நமக்குக் குறைவில்லை. மூன்று, தன் பங்கை மறைக்காத உண்மை. இதில்தான் நாம் பின்தங்கியுள்ளோம்.

நம் சங்க மலர்களில் ஆண்டுதோறும் வருவன நாம் பட்ட துன்பங்களும் பின்னர்ப் பெற்ற வெற்றிகளும். அவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் அலுவலகப் பதவி ஏற்று இந்நகருக்கு வந்த தமிழரோடு, கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழரும் உளர். இருவரும் இறங்கியது ஒரே இரயில் நிலையம். பேசியது ஒரே தமிழ். நம் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் துலக்கிய அம்மையாரிடம், "உன் ஊர் எது? ஏன் வந்தாய்?" என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருப்போம்? கேட்டிருந்தாலும், அதற்கு அடுத்த மாதம் கூலி உயர்த்திக் கேட்டபோது நாம் என்ன சொன்னோம் என்பதை எந்த மலரில் எழுதினோம்? சத்தியசரணைப் போல நாமும் ஏதோ ஒரு நாற்காலியில் அமர்ந்தவர்களே.

இம்மண்ணில் பிறந்த நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை நாவல் எழுதக்கூடும். தமிழிலோ வேறு மொழியிலோ எழுதக்கூடும். அவர்க்கு நாம் விட்டுச் செல்லத்தக்கது வெற்றிப் பட்டியல் அன்று. மறைக்காமல் சொன்ன நினைவு. சங்கத்தின் முதியோர்கள் ஓய்ந்த மாலைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தாம் கண்டதையும் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் உள்ளவாறு எழுதி வைப்பார்களாக. அது நாவல் ஆகாமற் போகலாம். ஆயினும் நாவல் எழுத வருபவர்க்கு அதுவே முதற்சாட்சியாக நிற்கும்.